பச்சை மூடி டப்பாவும் ஒரு சிப்ஸ் கடை வெப்சைட்டும்

எல்லார் வீட்டுச் சமையலறையிலும் ஒரு 'ஹார்லிக்ஸ் பாட்டில்' இருக்கும். அதில் ஹார்லிக்ஸ் இருக்காது. துவரம்பருப்போ, கடுகோ, புளியோ இருக்கும். வீட்டம்மாவுக்கு அது தெரியும். அவர் ஊருக்குப் போன அன்று அடுப்படிக்குள் நுழையும் கணவருக்குத்தான் திண்டாட்டம். "பச்சை மூடி டப்பாவுல சீரகம் இருக்கு பாருங்க" என்று போனில் பதில் வரும். போன மாதம் பச்சை மூடி உடைந்து, அதற்கு நீல மூடி போட்டதை இரண்டு பேருமே மறந்திருப்பார்கள்.

சின்னச் சின்ன வெப்சைட்டுகளுக்கு உள்ளேயும் இதே பச்சை மூடி டப்பாக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ரசம் ருசி மாறுவதோடு போவதில்லை. காசும் போகிறது.

தக்கலையில் ஒரு சிப்ஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைக் கடைதான், ஆனால் அங்கே நடப்பது எந்த ஊர்க் கடைக்கும் நடக்கக்கூடியது. நேந்திரம் சிப்ஸ், சக்கை வத்தல், தேன், சீசன் இருந்தால் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம். கடைக்காரரின் தங்கை மகள் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்தே அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். மாமாவின் கடைக்கும் ஐந்து பக்கத்தில் ஒன்று செய்தாள். விலை சிவப்பு எழுத்தில். 'இருப்பு இல்லை' என்பதும் சிவப்பு எழுத்தில். மூன்றாவதாக, 'இன்று மட்டும் தள்ளுபடி'. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தாள்: 'சிவப்பு'. ஒரு பெயரில் மூன்று வேலை முடிந்தது.

டிசம்பர் வந்தது. குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் என்றால் தெருவெல்லாம் நட்சத்திரம்தான். "வெலய எல்லாம் பச்சையில போடு மக்கா, பண்டிக மாதிரி இருக்கட்டும்" என்றார் மாமா. அவள் ஃபைலைத் திறந்து, 'சிவப்பு' என்ற பெயருக்கு எதிரே இருந்த நிறத்தைப் பச்சையாக்கினாள். இரண்டு நிமிட வேலை.

அந்த வாரம் சக்கை வத்தல் தீர்ந்துபோனது. 'இருப்பு இல்லை' என்ற சின்ன எழுத்தும் இப்போது பச்சை. அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சை என்றால் 'இருக்கிறது' என்றுதான் அர்த்தம். ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, பணமும் கூடவே வந்தது. இல்லாத சரக்குக்கு வாங்கிய பணத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்புவதிலேயே மாமாவின் கிறிஸ்துமஸ் கழிந்தது. நிறத்தை மட்டும் நம்பி ஒரு செய்தியைச் சொல்லக் கூடாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் கடைக்கு வருவார்கள் என்பது தனிப் பாடம். அதை இன்னொரு வாரம் பார்க்கலாம். இங்கே கோளாறு பெயரில் தொடங்கியது.

வெப் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. என்ன சொல்கிறோம் என்பது ஹெச்.டி.எம்.எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்பது சி.எஸ்.எஸ். இரண்டையும் பிரித்து வைக்கலாம் என்ற யோசனையை நார்வேக்காரரான ஹோகன் வியம் லீ 1994 அக்டோபர் 10-ம் தேதி முன்வைத்தார். அப்போது அவர் வேலை செய்தது, வெப் பிறந்த இடமான ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில். பிறகு நெதர்லாந்துக்காரரான பெர்ட் போஸும் சேர்ந்துகொள்ள, 1996 டிசம்பர் 17-ல் சி.எஸ்.எஸ்.ஸின் முதல் பதிப்பு அதிகாரபூர்வமாக வெளியானது.

பிரித்து வைத்த இரண்டையும் மறுபடி சேர்த்துக் கட்டும் கயிறுதான் பெயர். ஹெச்.டி.எம்.எல்.லில் ஓர் இடத்துக்கு 'விலை' என்று பெயர் வைத்தால், சி.எஸ்.எஸ்.ஸில் 'விலை என்று பெயருள்ளதெல்லாம் இந்த நிறம், இந்த அளவு' என்று எழுதலாம். இப்படிப் பல இடங்களுக்குப் பொதுவாக வைக்கும் பெயர் 'கிளாஸ்'. பக்கத்தில் ஒரே ஒன்றுக்கு மட்டும் வைப்பது 'ஐ.டி.'

பெயர் சரியாக இருந்தால் என்ன செய்யலாம் என்பதை 2003-ல் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே காட்டினார். 'சி.எஸ்.எஸ். ஸென் கார்டன்' என்று ஒரே ஒரு பக்கத்தைப் போட்டு, 'இதன் ஹெச்.டி.எம்.எல்.லைத் தொடாமல், சி.எஸ்.எஸ்.ஸை மட்டும் மாற்றி அலங்காரம் செய்யுங்கள்' என்று உலகத்து டிசைனர்களை அழைத்தார். ஒன்று தோட்டம் மாதிரி, ஒன்று பழைய சினிமா போஸ்டர் மாதிரி என்று ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான வேஷம் போட்டது. உள்ளே இருந்த பெயர்கள் அப்படியேதான் இருந்தன. 'முன்னுரை', 'சுருக்கம்', 'இணைப்புப் பட்டியல்' என்கிற மாதிரி, அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் பெயர்கள். 'சிவப்புப் பெட்டி' என்று வைத்திருந்தால் இரண்டாவது வேஷத்திலேயே சாயம் வெளுத்திருக்கும்.

இதற்கு அமெரிக்கா, கனடா எல்லாம் போக வேண்டியதில்லை. தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே ஒவ்வொரு கட்டடமாகப் பெயரைக் கேட்டுக்கொண்டே நடந்து பாருங்கள்.

வாசலில் பூமுகம். அதற்கு மேலே, மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய மந்திரசாலை. இந்த அறையின் தரையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த கறுப்புத் தரை. இன்றும் முகம் தெரியும். ஜன்னல்களில் வண்ண வண்ணமாக அபிரகத் தகடுகள். இவ்வளவு கண்ணைப் பறிக்கும் அறைக்கு அன்றைக்கு யாரும் 'கறுந்தரை மாளிகை' என்று பெயர் வைக்கவில்லை. அங்கே என்ன நடந்ததோ, அதுதான் பெயர். கடிகாரம் இருக்கும் இடம் மணிமாளிகை. ஊர் மக்களுக்குச் சாப்பாடு போட்ட நீண்ட கூடம் ஊட்டுப்புரை. இரண்டு தளத்திலுமாகச் சேர்த்து ஒரே நேரத்தில் 2,000 பேர் உட்காரலாம் என்பார்கள். எல்லாவற்றிலும் பழையது தாய்க்கொட்டாரம்.

திருவிதாங்கூரின் தலைநகரம் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஊட்டுப்புரையில் இலை போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் பெயரைக் கேட்டதும், பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைக்குக்கூட அந்த நீண்ட கூடம் எதற்கு என்று புரிகிறது.

அதே அரண்மனையில் 'தெக்கே கொட்டாரம்' என்றும் ஒன்று உண்டு. அதன் பெயர் திசையைச் சொல்வது. கட்டடம் நகராது, தெற்கு என்றைக்கும் தெற்குதான். அதனால் அங்கே அது சரி. வெப்சைட்டில் இப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வோம். கம்ப்யூட்டர் திரையில் வலது பக்கம் இருக்கும் பெட்டிக்கு 'வலப்பெட்டி' என்று பெயர் வைக்கிறோம். போனில் திறந்தால் திரை குறுகிவிடும், அந்தப் பெட்டி கீழே இறங்கிவிடும். கடைக்கு வரும் கூட்டம் போன் வழியாகத்தான் வருகிறது என்றால், 'வலப்பெட்டி' அநேகம் பேருக்கு வலப்பக்கமே இருக்காது. அது என்ன பெட்டி? கூரியர் எந்தெந்த ஊருக்குப் போகும் என்று சொல்லும் பெட்டி. அப்படியானால் 'அனுப்பும்_ஊர்கள்' என்று வைத்தால் போதும். அது மேலே போனாலும் கீழே போனாலும் பெயர் பொய்யாகாது.

'பெட்டி1, பெட்டி2, பெட்டி3' என்று எண் போடுவது இன்னொரு பழக்கம். நடுவில் ஒன்று புதிதாக வந்தால் எண்ணெல்லாம் தடுமாறும். தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குப் போகும் நெடுஞ்சாலையின் எண் 47-லிருந்து 66 ஆகி வருடக்கணக்காகிறது. ஊரில் இன்னும் பாதிப் பேருக்கு அது 'என்.எச். 47'தான். (எண்ணில் தொடங்கும் பெயரை சி.எஸ்.எஸ். ஏற்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். '1பெட்டி' என்று எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று ராத்திரி முழுக்க முழித்தவர்கள் உண்டு.)

சரி, சிப்ஸ் கடைக்கு வருவோம். 'சிவப்பு' என்ற ஒரே பெயர் மூன்று வேலை செய்தது. அதை மூன்றாகப் பிரித்தால் 'விலை', 'இருப்பு', 'தள்ளுபடி'. மூன்றும் இன்றைக்கு ஒரே நிறத்தில் இருக்கலாம், அது தற்செயல். நாளைக்கு விலை மட்டும் பச்சையாகும்போது மற்ற இரண்டும் அசையாது.

கடை வளர்ந்தால் 'விலை' என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. பொருளுக்கு ஒரு விலை, கூரியருக்கு ஒரு விலை என்று வந்து ஒன்றோடு ஒன்று மோதும். குமரியில் பெரியவர்கள் சிலருக்கு மிளகு என்றால் மிளகாயையும் குறிக்கும். அதனால்தான் கறுப்பாக உருண்டையாக இருப்பதற்கு 'நல்லமிளகு' என்று ஓர் அடைமொழி கொடுத்தார்கள். குழப்பம் தீர்ந்தது. வெப்சைட்டிலும் அடைமொழிதான் வைத்தியம். ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் இதற்கு 'பெம்' என்று ஒரு முறை வகுத்தார்கள். முதலில் பெரிய பகுதியின் பெயர், அடுத்து அதன் உறுப்பு, கடைசியில் அதன் நிலை. நம் கடைக்கு அது 'பொருள்', 'பொருள்__விலை', 'பொருள்__இருப்பு' என்று வரும். தீர்ந்துபோன பொருளுக்கு 'பொருள்--தீர்ந்தது'. உறுப்புக்கு இரண்டு அடிக்கோடு, நிலைக்கு இரண்டு சிறுகோடு. பார்க்க முள்வேலி மாதிரி இருக்கும். ஆனால், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் எது எதோடு சேர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்காது.

தக்கலையைச் சுற்றிய ஊர்ப்பெயர்களே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. கண்டன்விளை, கோழிப்போர்விளை, செம்பருத்திவிளை... 'விளை' என்றால் மேட்டுத் தோட்ட நிலம். கடைசிச் சொல்லைக் கேட்டாலே நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஊர்ப்பெயரில் குடும்பம் பின்னால் வருகிறது, பெம் முறையில் முன்னால் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐ.டி. விஷயத்தில் மட்டும் கை கொஞ்சம் இறுகவே இருக்கட்டும். ஒரு பக்கத்தில் ஓர் ஐ.டி. ஒரு முறைதான் வரலாம். அதோடு அதற்கு வலு அதிகம். ஒரு பட்டனுக்கு ஐ.டி. வழியாக மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டால், பிறகு அதே பட்டனுக்குப் பத்து கிளாஸ் சேர்த்துச் சொன்னாலும் மஞ்சளாகவே நிற்கும். அதை மாற்ற இன்னும் வலுவான கட்டளை, அதற்கு மேல் இன்னொன்று என்று போய், வீட்டில் எல்லாரும் கத்திப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். பக்கத்துக்குள் ஓர் இடத்துக்கு நேரே குதிக்கும் லிங்க்குக்கும், 'உங்கள் பெயர்' என்ற எழுத்தை அதன் கட்டத்தோடு இணைப்பதற்கும் ஐ.டி. வேண்டும். அலங்காரத்துக்கு கிளாஸ் போதும்.

பலர் தவறாக நினைக்கும் ஒன்று இது. ஹெச்.டி.எம்.எல்.லில் இரண்டு கிளாஸ் பெயர்களை எந்த வரிசையில் எழுதினாலும் பலன் ஒன்றே. பின்னால் எழுதிய பெயர் ஜெயிக்கும் என்பது தப்புக்கணக்கு. சி.எஸ்.எஸ். ஃபைலில் எது பின்னால் இருக்கிறதோ, வலு சமமாக இருந்தால், அதுதான் ஜெயிக்கும். அதனால் அந்த ஃபைலில் பொதுவானவை மேலேயும், 'தீர்ந்தது' மாதிரி சிறப்பு நிலைகள் கீழேயும் இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பெயர்களைத் தமிழிலேயே எழுதியதைப் பார்த்து, 'விளக்குவதற்காகச் சொல்கிறார்கள்' என்று நினைத்திருப்பீர்கள். நிஜமாகவே தமிழில் வைக்கலாம். சி.எஸ்.எஸ். விதி அதை அனுமதிக்கிறது, பிரவுசர்களும் ஏற்கின்றன. வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி எழுத்துப்பிழை. 'விலை' என்று ஓரிடத்திலும் 'விளை' என்று இன்னோரிடத்திலும் எழுதிவிட்டால் சி.எஸ்.எஸ். சண்டை போடாது. அப்படி ஒரு பெயரே இல்லையே என்று கேட்காது. சத்தமில்லாமல் விட்டுவிடும். கண்டன்விளைக்கு டெலிவரி உண்டு என்று எழுதும் கடையில் இந்த இரண்டு சொல்லும் கலந்து புழங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் பொல்லாதது. 'கொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக உருவாக்கலாம். 'ொ' என்ற ஒரே குறியாகப் போடலாம். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சி.எஸ்.எஸ்.ஸுக்கு இரண்டும் வேறு வேறு. வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு கீபோர்டு, போனில் வேறொன்று என்று மாறி மாறி அடித்தால் 'பொருள்' என்ற பெயரே இரண்டு பெயராகிவிட வாய்ப்புண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாவது, பெயரை மாற்றும்போது வருவது. 'விலை'யைத் தேடி எல்லாவற்றையும் 'பொருள்__விலை' என்று ஒரே தட்டில் மாற்றினால், பக்கத்தில் வாடிக்கையாளர் படிக்கிற 'விலை'யும் சேர்ந்து மாறும். 'பொருள்__விலை ரூபாய்' என்று கடை வாசலில் தொங்கும்.

அதனால் சின்னக் கடைக்கு ஆங்கில எழுத்தில், எளிய சொற்களில் பெயர் வைப்பதே தோது. அடுத்து அந்த ஃபைலைத் திறப்பவர் நாகர்கோவில்காரராகவும் இருக்கலாம், கொச்சிக்காரராகவும் இருக்கலாம். தமிழில்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ஒரே கீபோர்டில் அடிக்கட்டும். ஒகரமும் ஓகாரமும் இல்லாத சொற்களாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

'தோற்றத்தை வைத்துப் பெயர் வைக்கவே கூடாதா?' என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். 2017-ல் ஆடம் வாத்தன் கொண்டுவந்த டெயில்விண்ட் முழுக்க முழுக்கத் தோற்றப் பெயர்களால் ஆனது. இவ்வளவு இடைவெளி, இந்த அளவு எழுத்து, இந்த நிறம் என்று குட்டிக் குட்டிப் பெயர்களைக் கோத்தே பக்கம் கட்டுகிறார்கள். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒரு பட்டன் என்பது ஒரே இடத்தில் செய்து வைத்த அச்சு. அச்சைத் திருத்தினால் எல்லா பட்டனும் மாறும். ஐந்து பக்கத்தையும் கையாலேயே எழுதி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்து ஒட்டுகிற கடை வெப்சைட்டுக்கு அந்த வசதி இல்லை. நாற்பது பொருளுக்கும் நாற்பது இடத்தில் போய்த் திருத்த வேண்டிவரும்.

நிறத்துக்கே பெயர் வைக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. சி.எஸ்.எஸ். ஃபைலின் உச்சியில் '--பண்டிகை-நிறம்', '--எச்சரிக்கை-நிறம்' என்று இரண்டு வரி எழுதி, அவற்றுக்கு எதிரே நிறத்தைக் கொடுத்துவிடலாம். கீழே 'விலை' பண்டிகை நிறத்தையும், 'இருப்பு' எச்சரிக்கை நிறத்தையும் எடுத்துக்கொள்ளும். ஓணமோ கிறிஸ்துமஸோ, ஒரு வரியைத் தொட்டால் போதும். எச்சரிக்கை நிறத்தை யாரும் தொட வேண்டியதில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு, அந்தப் பெண் இதைத்தான் செய்தாள். ஐந்து பக்கத்திலும் 'சிவப்பு' என்று இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது விலையா, இருப்பா, தள்ளுபடியா என்று பிரித்துப் பெயர் மாற்றினாள். மொத்தமாக மாற்ற முடியாது. ஒவ்வொன்றையும் படித்துத்தான் ஆக வேண்டும். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இருந்த ஒரு 'சிவப்பு' கடைசி வரை எதற்கு என்றே தெரியவில்லை. அதை எடுத்துவிட்டுப் பார்த்தாள், எதுவும் மாறவில்லை. முடிக்கும்போது மணி ஒன்றரை.

காலையில் மாமா கடையைத் திறந்துவிட்டு போனில் வெப்சைட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"ராத்திரி பூரா இருந்து வேல செஞ்சேன்னு சொன்ன, ஒண்ணும் மாறலயே மக்கா?"

"ஒண்ணும் மாறல மாமா. ஓணத்துக்கு என்ன கலரு வேணும்னு இப்பவே சொல்லுங்க."